எட்டத்து மலையும் கிட்டத்து முகமும்

மலைப் பயணமொன்றுக்கு ஆயத்தமாகும் குடும்பத்தில் எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்ற விவாதம் எழுவது இயல்பே. கம்பளிச் சட்டை, குடை, தைலம், மாத்திரை என்பன பற்றிய விவாதம் நெடுநேரம் நீடிப்பதில்லை. வயதில் மூத்தவர் ஒருவர் சொல்ல, ஏனையோர் பையில் வைத்துவிடுவர். கமெராவுக்குரிய வில்லை பற்றிய விவாதமோ அவ்வளவு எளிதில் முடிவதன்று. எந்த வில்லை என்ற வினாவின் உள்ளே வேறு மூன்று வினாக்கள் அடங்கியிருக்கின்றன. எதனைப் பார்க்கப் போகிறோம்? எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கப் போகிறோம்? பார்த்ததை யாரிடம் கொண்டுவந்து காட்டப் போகிறோம்? ஒருகொடவத்தையில் வாழும் குடும்பமொன்றிலே 2024 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இம்மூன்று வினாக்களும் இராச் சாப்பாட்டுக்குப் பின்னர் விவாதிக்கப்பட்டன. ஆயினும், விவாதித்தோர் தாம் வில்லையைப் பற்றியே பேசுவதாக எண்ணியிருந்தனர்.

ஒருகொடவத்தை கண்ணுக்குத் தூரம் வாய்க்காத ஓர் இடம். அவிசாவளை நோக்கிச் செல்லும் வீதி கொழும்பைவிட்டுப் பிரியும் சந்தி அது. கொள்கலன் முற்றங்களும், அவற்றை இழுத்துச் செல்லும் நெடிய பாரவூர்திகளும், எண்ணெய்த் தாங்கிகளும், அவற்றின் நடுவே நெருங்கிய சிறு வீடுகளும் சேர்ந்த அவ்விடத்தில் எந்த வாசலில் நின்று நோக்கினாலும் பார்வை ஒரு சுவரிலோ தகரத்திலோ முட்டி நின்றுவிடும். வானம் நன்கு தெளிந்த சில காலைகளில் மட்டும், உயர்ந்த மாடியொன்றில் ஏறி நிற்பவருக்குக் கிழக்கே சிவனொளிபாதமலையின் கூம்பு நீலக்கோடாகத் தெரிவதுண்டு. சற்று வடக்கே ஓடும் களனி கங்கையின் ஊற்றுக்கண்களுள் சில, இக்குடும்பம் காணச் சென்ற ஹோட்டன் சமவெளியிலேயே பிறக்கின்றன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மகாவலிக்கும் வளவை கங்கைக்கும் அதே சமவெளி நீர் கொடுக்கின்றது.

குடும்பத் தலைவர் கொள்கலன் முற்றமொன்றில் எழுதுவினைஞர். மகள் கொழும்புப் பல்கலைக்கழகத்திலே பௌதிகவியல் பயில்பவள். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். இவர்களுடன் அவருடைய தாயார். பேத்திக்கு அவர் அப்பாயி. அப்பாயி பிறந்தது 1948 இல், ஹோட்டன் சமவெளியின் தெற்கு விளிம்பான ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறையின் கீழே பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றின் லயத்தில். பிறந்த ஆண்டே அவர்களுடைய நாடற்ற நிலைக்கும் தொடக்கம். அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை எந்த நாட்டினரும் அல்லாதாராக்கிற்று. 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபின், அப்பாயியின் பெற்றோரும் தமையனாரும் இந்தியா செல்லும் பகுதியில் சேர்ந்தனர். தலைமன்னாரிலே கப்பலேறிய அவர்கள் பின்னர் திரும்பவில்லை. துறைமுகத் தொழிலாளி ஒருவரை மணமுடித்துக் கொழும்புக்கு வந்த அப்பாயி மட்டும் இங்கு எஞ்சினார்.

“சின்னப் புள்ளையில கீழ இருந்து அண்ணாந்து பாப்போம். மேல யாரோ நிக்கிற மாதிரியே தெரியும். தொரைமாரு வந்து நின்னு பாக்குற எடமுன்னு எங்க ஆத்தா சொல்லும்.” அவர் பயணத்துக்கு இசைந்தமைக்குக் கூறிய காரணம் இவ்வளவே. அந்த எடத்தில் தாமும் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆவல். தோட்டத்துக்கே போகலாமே என்று மருமகள் கேட்டபோது, “அங்க இப்ப யாரு இருக்கா?” என்று சொல்லி வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார்.

குடும்பத்திடம் இருந்தது கட்டாரில் தொழில்புரிந்து திரும்பிய உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற கமெரா. அதனுடன் வந்தது 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை குவியத்தூரம் கொண்ட சாதாரண வில்லை. கமெராவுடன் சேர்த்து விற்கப்படுவதாலேயே இத்தகைய வில்லையை யாரும் மதிப்பதில்லை. இலவசமாகக் கிடைத்ததைத் தாழ்வாக எண்ணும் மனித இயல்பு வில்லைகளின் விடயத்திலும் மாறவில்லை போலும். பயணத்துக்கென ஒதுக்கிய பணத்தில் வில்லைக்கென்று பிரிக்கக்கூடிய தொகை சிறியது. 2022 இல் ரூபா வீழ்ந்த பின்னர் புதிய வில்லையொன்றை விலைகேட்பதே வீண்முயற்சியாயிற்று. ஆகவே இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, 70 முதல் 300 மில்லிமீற்றர் வரையான தொலைப்பட வில்லையொன்றைப் பிணைப்பணம் கட்டி மூன்று நாள் வாடகைக்கு எடுப்பது. மற்றது, ஏறத்தாழ அதே செலவில், 50 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 1.8 துவார எண்ணும் உடைய பழைய வில்லையொன்றைச் சொந்தமாகவே வாங்குவது. இரண்டாவது வில்லையின் ஓரத்தில் சிறிது பூஞ்சணம் படர்ந்திருந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் அலுமாரிக்குள் அடைபட்டுக் கிடக்கும் கண்ணாடிக்கு நேரும் கதி அது. பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்து விடுமாயினும், ஓரத்தில் ஒரு சிறு வலை படர்ந்த அளவில் படம் பெரிதும் கெடுவதில்லை. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் மட்டும் படம் சற்று வெளிறும்.

மகள் கணக்கிலிருந்து தொடங்கினாள். வில்லையைப் பற்றிய பேச்சுக்கு அதுவே நேரான வாயில். தொலைவில் நிற்கும் பொருளின் விம்பம் ஒளியுணரியில் எவ்வளவு உயரத்துக்கு விழும் என்பதை அறியப் பொருளின் உயரத்தைக் குவியத்தூரத்தாற் பெருக்கித் தூரத்தால் வகுத்தாற் போதும். ஹோட்டன் சமவெளியின் புல்வெளிகளிலே எளிதிற் காணக்கூடிய விலங்கு மரை. ஒன்றரை மீற்றர் உயரமான மரையொன்று அறுபது மீற்றருக்கு அப்பால் நிற்பதாகக் கொள்வோம். 55 மில்லிமீற்றர் வில்லையில் அதன் விம்பம் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அக்கமெராவின் ஒளியுணரி ஏறத்தாழ 15.6 மில்லிமீற்றர் உயரமானது. எனவே படத்தின் உயரத்திற் பத்திலொரு பங்குகூட மரைக்குக் கிடைக்காது. 300 மில்லிமீற்றரிலோ விம்பம் ஏழரை மில்லிமீற்றர், அதாவது படத்தின் பாதி. மரைக்கே இவ்வாறாயின், மரத்தின் மேலிருக்கும் மஞ்சட்காதுச் சின்னானுக்கு அல்லது மேகக் காட்டின் நிழலுக்குள் ஒதுங்கும் குரங்குக்குத் தொலைப்பட வில்லை இன்றி வழியே இல்லை. இக்கணக்கினால் முதல்நாள் விவாதத்தில் தொலைப்பட வில்லை வென்றது.

இரண்டாம் நாள் அதே கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. நீண்ட குவியத்தூரம் தூரத்தைப் பெருக்குவது போலவே கையின் நடுக்கத்தையும் பெருக்கும். கையாற் பிடித்து எடுக்கும்போது குவியத்தூரத்தின் தலைகீழ் அளவுக்குமேல் ஒளிபுகும் நேரம் நீடிக்கலாகாது என்பது படப்பிடிப்பாளரிடையே நெடுங்காலம் வழங்கும் விதி. சிறிய ஒளியுணரிக்கு அதனையும் ஒன்றரை மடங்காக்கிக் கொள்ள வேண்டும். ஆகவே 300 மில்லிமீற்றருக்கு ஒரு வினாடியின் 450 இல் ஒரு பங்கு. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, குட்டை மரங்கள் பாசியணிந்து நிற்கும் மேகக் காட்டினுள் காலை ஏழு மணிக்கு அவ்வளவு வெளிச்சம் ஏது? அங்கு 1.8 துவார எண்ணுடைய வில்லை, 5.6 உடையதைக் காட்டிலும் ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். இருபதில் ஒரு வினாடி தேவைப்படும் இடத்தில் நூற்றெண்பதில் ஒரு வினாடியே போதும். நடுங்கும் கைக்கும் அசையும் முகத்துக்கும் அது பெரிய வேறுபாடு.

அகல்கோண வில்லையை இரவல் வாங்கலாம் என்று தந்தையின் நண்பர் ஒருவர் கூறிய யோசனை அரைமணி நேரத்திற் கைவிடப்பட்டது. மலையைப் படமெடுக்க விரும்புவோர் பலரும் செய்யும் தேர்வு அது. விழிக்குள் அடங்காத காட்சியை முழுவதும் அடக்கிவிடலாம் என்ற ஆசையே காரணம். ஆனால் அகல்கோணம் அண்மையிலுள்ளதைப் பெருப்பித்துத் தொலைவிலுள்ளதை ஒடுக்கிவிடும். ஏறத்தாழ 880 மீற்றர் ஆழமுடைய பாறை விளிம்பு, அத்தகைய படத்தில் வீட்டுப் படிக்கட்டின் ஓரம் போலத் தோன்றும். முன்னே கிடக்கும் கல்லும் புல்லும் மட்டும் மலையளவு நிற்கும்.

இவ்விவாதத்தினிடையே மகள் நூலகத்திலிருந்து கொணர்ந்த ஒரு செய்தி, பேச்சை வேறொரு திசைக்குத் திருப்பிற்று. மலைநாட்டைப் பற்றிய ஒளிப்பட வரலாற்றிலே புறக்கணிக்க முடியாத பெயர் யூலியா மார்கிறட் கமரன். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதில், 1863 இல், மகளும் மருமகனும் பரிசளித்த கமெராவுடன் இக்கலையைத் தொடங்கியவர் அவ்வம்மையார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் பெயரில் இன்றும் நம் பாடநூல்களில் இருப்பவர். அவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் அம்மையார் குடும்பத்துடன் இலங்கை வந்து களுத்துறையில் வாழ்ந்தார். 1879 தை மாதம் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தின் முற்றத்தில் அவரது கல்லறை இருக்கின்றது.

அவர் இங்கு எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிற் பல, களுத்துறையிலும் தோட்டங்களிலும் உழைத்த மக்களின் படங்கள். அக்காலத்து ஏனைய நிலையங்கள் தோட்டத் தொழிலாளரைத் தோட்டக் காட்சியின் ஓர் அலங்காரமாகத் தொலைவில் நிறுத்தி எடுத்துத் தள்ளின. கமரன் அம்மையார் அவர்களை அண்மையில் நிறுத்தினார். இங்கிலாந்திலே கவிஞர்களையும் அறிஞர்களையும் எவ்வாறு நோக்கினாரோ, அதே கனத்துடன் ஒரு தோட்டத் தொழிலாளியின் முகத்தையும் நோக்கினார் எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தெனிசன், டார்வின், ஹெர்ஷல் என்று அங்கே ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் இருந்தது. இங்கே ‘களுத்துறைக் குடியானவர் குழு’ போன்ற தலைப்புகளே எஞ்சின. படத்தில் நிற்பவர்களிற் பெரும்பாலோர் பெயரின்றியே நிற்கின்றனர். முகம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

மகளின் பௌதிகவியல் மனம் அங்கும் ஒரு கணக்கைக் கண்டது. 1866 முதல் அவ்வம்மையார் பயன்படுத்திய பெரிய கமெராவின் தகடு பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம். அதற்குரிய டால்மேயர் வில்லையின் குவியத்தூரம் முப்பது அங்குலம். தகட்டின் மூலைவிட்டத்தையும் தம் கமெராவின் ஒளியுணரியின் மூலைவிட்டத்தையும் ஒப்பிட்டு அவள் வகுத்துப் பார்த்தபோது, அதே பார்வைக் கோணத்தைத் தரக்கூடிய குவியத்தூரம் 44 மில்லிமீற்றர் என வந்தது. அவர்கள் மதியாது வைத்திருந்த சாதாரண வில்லையை ஏறத்தாழ 45 இல் நிறுத்தினால் அதுவே கமரன் அம்மையாரின் கோணம். ஒளியும் கலையும் வேறு கதை. கோணம் மட்டும் அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, “எங்க ஆத்தாவையும் ஒரு போட்டோ புடிச்சிருந்தா…” என்று தொடங்கி நிறுத்தினார். குடும்பத்திலே எடுக்கப்பட்ட முதற் படங்கள், இந்தியா செல்வதற்கான கடவுச்சீட்டுக்காக எடுக்கப்பட்டவை. நாட்டைவிட்டுப் போவதற்காகவே கமெராவின் முன் முதன்முறை அமர்ந்தவர்கள் அவர்கள். மிஞ்சிய படிகளிற் சிலவற்றைத் தமையனார் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவை 1983 ஜூலையில் வீட்டுடன் எரிந்தன. எஞ்சியது எதுவுமில்லை. தாயின் முகம் இப்போது அப்பாயியின் நினைவில் மட்டுமே உள்ளது. அதுவும் வரவர மருமகளின் முகத்துடன் கலந்துவிடுகின்றது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

தந்தையின் நிலை வேறு. போர்க்காலத்திற் கொழும்பில் வளர்ந்த தமிழ் இளைஞர் அவர். 1995 ஒக்ரோபர் 20 அன்று கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு வானம் கறுத்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. அத்தகைய அயலில், அத்தகைய காலத்தில், நீண்ட வில்லை பூட்டிய கமெராவொன்றைக் கழுத்தில் தொங்கவிட்டு நடக்க எந்தத் தாய் தன் மகனை அனுமதிப்பாள்? தூரத்தைப் பார்க்கும் கருவி அன்று ஐயத்தைக் கிளப்பும் கருவி. தொலைப்பட வில்லையின்மீது அவருக்கிருந்த நாட்டம் மரைக்காகவோ குருவிக்காகவோ எழுந்ததன்று என்பதைக் குடும்பத்தார் மெல்ல உணர்ந்தனர். அப்பாயியின் முழங்கால்கள் உலக முடிவு வரை நடக்க இடம்கொடா. வாகனம் நிற்கும் ஃபார் விடுதியிலிருந்து அவ்விடத்துக்கு நான்கு கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். சுற்றிவரும் பாதை முழுவதும் ஒன்பது கிலோமீற்றருக்கும் அதிகம். தாய் நிற்க முடியாத இடத்தில் தாம் நின்று, அவர் பிறந்த லயத்தின் கூரையை மேலிருந்து எடுத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அதன்பின் கணக்குகள் பேசவில்லை. தொலைப்பட வில்லை வாடகைக்கு எடுக்கப்பட்டது.

பெப்ரவரி மாதம் அப்பிரதேசத்துக்கு உகந்தது. மழை குறைவு. விடியற்காலையிற் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. கோட்டை நிலையத்திற் புகையிரதமேறி, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா என ஏறி, நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையமான பட்டிப்பொலையில் இறங்கி அங்கேயே ஓரிரவு தங்கினர். அப்பாயி ஹட்டனுக்குப் பின்னர் சன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. மறுநாள் இருள் பிரியுமுன் வாடகை வான் ஒன்றில் சமவெளியை அடைந்தனர்.

ஹோட்டன் சமவெளி என்ற பெயர் 1830 களில் ஆளுநராயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரால் வந்தது. 1834 இல் இரு பிரித்தானியப் படையதிகாரிகள் இதனைக் ‘கண்டுபிடித்ததாக’ எழுதுவர். ‘மகா எலிய’ என்று அதற்கு முன்னரே பெயரிட்டிருந்தவர்கள் அதனைக் காணாமலா பெயரிட்டனர்? பின்னர் அது வேட்டைக்காரரின் களமாகி, யானை அங்கு அற்றுப்போயிற்று. 1969 இல் சரணாலயமாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010 இல் உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு பகுதியாயிற்று. நம் இலக்கண நூலார் குறிஞ்சி என்று வகுத்த நிலத்துக்கு இலங்கையில் இதனினும் பொருத்தமான இடம் அரிது. குறிஞ்சியின் இனமான நெலு என்னும் செடி இங்கே பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூக்கின்றது. அவ்வாண்டு அது பூக்கும் ஆண்டன்று. மரைகள் வாகனத்தரிப்பிடத்துக்கு அருகிலேயே மனிதரை அஞ்சாது நின்றன. அவற்றை எடுக்க 300 மில்லிமீற்றர் தேவைப்படவில்லை. அறுபது மீற்றர்க் கணக்கைப் போட்டவள் தன் கணக்கைப் பார்த்துத் தானே நகைத்தாள்.

கமெராவைப் பற்றி இரு சிறு எச்சரிக்கைகள் அவ்விடத்துக்குப் பொருந்தும். குளிரில் நின்ற கமெராவை வானின் வெதுவெதுப்புக்குள் திடீரெனக் கொண்டுவந்தால் வில்லையில் ஈரம் படியும். பையினுள் மூடி வைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற விட வேண்டும். மற்றது, மூடுபனியைக் கமெரா தானே அளந்தால் வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். ஒளியளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளல் நன்று.

அப்பாயியையும் மனைவியையும் ஃபார் விடுதியின் முன்றிலில் அமர்த்திவிட்டுத் தந்தையும் மகளும் விரைந்து நடந்தனர். விரைவுக்குக் காரணம் உண்டு. வெயில் ஏறக் கீழேயுள்ள பள்ளத்தாக்கு சூடாகி, ஈரமான காற்று பாறைமுகத்தின் வழியே மேலெழுந்து குளிர்ந்து மேகமாகின்றது. ஒன்பது மணிக்குப் பின்னர் உலக முடிவுக்குச் செல்பவர்களிற் பலர் காண்பது ஒரு வெள்ளைத் திரையை மட்டுமே. இவர்கள் எட்டு மணிக்குச் சற்று முன்னர் விளிம்பை அடைந்தனர். கீழே எல்லாம் திறந்து கிடந்தது. நொன்பரைல் தோட்டத்தின் பச்சை வரிசைகளும், வளைந்து செல்லும் மண்பாதையும், அப்பால் தோட்டங்கள் தாழ்நிலத்தில் கரையும் விளிம்பும், தெற்கே வெகுதூரத்தில் நீர்ப்பரப்பொன்றின் மினுக்கமும் தெரிந்தன. அப்பாயி சொல்லிவைத்த அடையாளங்களின்படி, ஓடையொன்றின் வளைவையும் அதன் மேற்புறத்தே நிற்கும் நீண்ட தகரக் கூரையையும் அவர்கள் கண்டுகொண்டனர். தந்தை வில்லையை 300 இல் நிறுத்தி, பாறையின்மேல் பையை வைத்து அதன்மேல் கமெராவை அழுத்திப் பதினேழு படங்கள் எடுத்தார். இருபது நிமிடங்களின் பின் முதல் மேகம் விளிம்பைத் தொட்டது.

வில்லை தன் கடமையைச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. இடையே நின்ற புகாரினால் படம் சிறிது வெளிறியிருந்ததாயினும் கூரையின் வரிகள் தெரிந்தன. எழுபத்தைந்து ஆண்டுகளாக ஒருவர் கீழிருந்து மட்டுமே அறிந்திருந்த இடம் மேலிருந்து அவருடைய கைக்குள் வந்தது. வேறெந்த வில்லையும் அதனைக் கொடுத்திராது.

முன்றிலில் கமெராவின் பின்திரையை அப்பாயி வெகுநேரம் நோக்கினார். கூரையைக் காட்டினார்கள். “ஆமா, தகரம் மாத்திட்டாங்க,” என்றார். ஓடையைக் காட்டினார்கள். தலையசைத்தார். மகள் படத்தைப் பெருப்பித்துக் காட்டியபோது, கூரைக்குச் சற்று மேலே, தேயிலை வரிசைகளினூடே, சிறு கீறு போல ஓர் உருவம் தெரிந்தது. தலையில் ஏதோ சுமையுடன் பாதையில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் போலும். அப்பாயியின் விரல் அங்கே நின்றது.

“யாரு ராசாத்தி இந்தப் புள்ள?”

மகளுக்கு இக்கேள்வியின் விடை எண்களில் தெரியும். இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் ஒருவரின் விம்பம் 300 மில்லிமீற்றர் வில்லையில் கால் மில்லிமீற்றரையும் எட்டாது. அக்கமெராவின் ஒளியுணரியிலே அவ்வுருவத்தின் முழு உயரத்துக்கும் கிடைப்பவை அறுபதுக்கும் குறைந்த புள்ளிகள். முகத்துக்கு ஏழெட்டு. அவற்றில் கண்ணோ வாயோ இருக்க முடியாது. இதனை அவள் சொல்லவில்லை. “தெரியல அப்பாயி. ரொம்பத் தூரம்,” என்று மட்டும் சொன்னாள். அப்பாயி விடவில்லை. நடையைப் பார்த்தால் மேல்லயத்துப் பிள்ளை போலிருக்கிறது என்றார். மேல்லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இந்தியா போனவர்களின் பெயர்களும், போகாது இறந்தவர்களின் பெயர்களும் கலந்து வந்தன. மகன் முன்னொருபோதும் கேட்டிராத பெயர்கள் அவை.

மேகம் முன்றில்வரை வந்துவிட்டது. வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் மென்மையாக, நிழலின்றி விழுந்தது. தந்தை தொலைப்பட வில்லையைக் கழற்றினார். அதனால் ஒன்றரை மீற்றருக்கு உட்பட்ட எதனையும் தெளிவாகக் காண இயலாது. தாயோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். சாதாரண வில்லையை மாட்டி, மகள் முன்னர் சொன்ன எண்ணை நினைத்தோ நினையாமலோ, 45 இன் அருகில் நிறுத்தினார். கமெரா வில்லையின்றித் திறந்திருந்த சில வினாடிகளில் உள்ளே ஈரம் புகாதவாறு மனைவி தம் சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்தார். அப்பாயி பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தாம் படமெடுக்கப்படுவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வாடகை வில்லை திங்கட்கிழமை கடைக்குத் திரும்பிற்று. கடைக்காரர் அதனை வெளிச்சத்துக்கெதிரே பிடித்துச் சோதித்துப் பிணைப்பணத்தைக் கொடுத்தார். பூஞ்சணம் படர்ந்த 50 மில்லிமீற்றர் வில்லை அதற்குள் விலைபோயிருந்தது.

இரண்டு படங்கள் அச்சிடப்பட்டன. ஒன்றின் பின்புறத்தில் மகள் பென்சிலால் அப்பாயியின் முழுப்பெயரையும், அவருடைய தாய் தந்தையரின் பெயர்களையும், இடத்தையும் திகதியையும் எழுதினாள். அப்பாயி அன்று சொன்ன மேல்லயத்துப் பெயர்கள் நினைவிலிருந்தவரை அதன் கீழே வரிசையாக எழுதப்பட்டன. மற்றப் படத்தின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயர், நேரம், எடுத்த இடம் ஆகியவை உள்ளன. ‘பாதையில் ஏறுபவர்’ என்றெழுதி அதன் எதிரே இடம் விடப்பட்டிருக்கின்றது. அப்பாயி தம் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டது இரண்டாவது படத்தையே. அதன் இன்னொரு பிரதி தந்தையின் சட்டைப்பையில் இருக்கின்றது. பலாங்கொடைப் பக்கத்திலிருந்து கொள்கலன் முற்றத்துக்கு வரும் பாரவூர்திச் சாரதிகளிடம் அவர் அதனை எடுத்துக் காட்டி, அந்தத் தோட்டத்தில் அறிந்தவர் எவரும் உண்டா என்று கேட்கின்றார். ஒருவர் மட்டும் படத்தை வாங்கிப் பார்த்து, தம் மனைவியின் ஊரார் அங்கே வேலை செய்வதாகவும், அடுத்தமுறை வரும்போது கேட்டு வருவதாகவும் கூறிச் சென்றிருக்கின்றார்.